அகர வரிசையில் ஒரு ஷாக்

ஆணி ஜாஸ்தி மக்களே. அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே மூணு மாசம் ஆச்சு. (யாரும் தேடலைங்கறது வேற விஷயம் :-)) வழக்கமா ஆபீஸ் கதையெல்லாம் இங்க எழுத மாட்டேன். பொட்டி தட்டறவன் பொழப்புல என்ன பெரிய சுவாரசியம் இருக்கப் போகுது? ஆனா இந்தக் கதையில என் தப்பு ஒண்ணு இருக்கு. அதை எங்கயாவது எழுதி வெச்சாத்தான் மனசு ஆறும்னு தோணுது.

மொதல்ல ஒரு சின்ன பரிசோதனை. கீழ இருக்கற அஞ்சு வரியையும் வரிசையாப் படிங்க.

இணைப்பைக் கழற்றுதல்
கண்டன்சரை டிஸ்சார்ஜ் செய்தல்
டெஸ்டரில் சோதித்தல்
பெட்டியைத் திறத்தல்
மெயினை நிறுத்துதல்

போர்வெல் மோட்டாரோட ஸ்டார்ட்டர் பெட்டியில கண்டன்சர் மாத்தறதுக்கான வழிமுறை இது. இப்ப கீழ இருந்து மேல படிங்க. புரியுதா? சரியான வரிசை அதுதான். மெயினை நிறுத்தணும், பெட்டியைத் திறக்கணும், கரண்ட் இல்லைன்னு டெஸ்டர் வெச்சுப் பார்க்கணும், கண்டன்சர்ல தங்கியிருக்கற சார்ஜை இறக்கணும், கடைசியா வயரைக் கழட்டணும். ம, ப, ட, க, இ. இதை அகர வரிசையில அடுக்கினா இ, க, ட, ப, ம. அச்சு அசலா தலைகீழ். வேணும்னே யோசிச்சு வெச்சாக்கூட இப்படி ஒரு பொருத்தம் அமையாது. எனக்கு அமைஞ்சுது.

கதை இதுதான். நான் வேலை செய்யறது சரவணம்பட்டியில ஒரு சின்ன கம்பெனி. எங்க கஸ்டமர் ஒருத்தர் கோயமுத்தூர்ல பம்பு செய்யறவங்க. (பேர் வேண்டாம். இந்த ஊர்ல பம்பு கம்பெனியா இல்ல? 1937-லயே இந்தியாவோட முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைச் செஞ்ச ஊருங்க இது.) அவங்ககிட்ட மெக்கானிக்குகளுக்குன்னு தமிழ்ல அச்சடிச்ச ஒரு சர்வீஸ் புக் இருந்துது. கிரீஸ் கறையோட, அட்டை பிஞ்சு, எல்லாக் கடையிலயும் ஒரு காப்பி கெடக்கும். அதை விக்கியில ஏத்திட்டா மெக்கானிக்குங்க தோட்டத்துல நின்னுக்கிட்டே போன்ல பார்த்துக்கலாம்ங்கறது திட்டம். புக்கோட கோப்பை வாங்கி, ஒவ்வொரு தலைப்பையும் ஒரு பக்கமா வெட்டி, தானா விக்கியில ஏத்தற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பெருமையா இருந்துது. காரணம், அப்பா.

அன்னூர்ப் பக்கம் அப்பாவுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. அந்தக் கம்பெனி பம்புக்கு எங்க ஏரியாவுல அவர்தான் சர்வீஸ். படிக்கற காலத்துல லீவுக்கு கடையில உக்காந்து காயில் சுத்தியிருக்கேன். "இஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டு பொட்டி முன்னால உக்கோந்து என்னதான் கண்ணு பண்ற?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பார். இப்பத்தான் அவர் தொழிலுக்கும் என் தொழிலுக்கும் ஒரு பாலம் போட்ட மாதிரி ஆச்சு. சோதனை ஓட்டத்துக்கு அப்பா போன்லயும், கடைப் பையன் போன்லயும் நானே லிங்க்கைப் போட்டுக் குடுத்தேன்.

இங்கதான் நான் சறுக்கினது. அச்சுப் புக்குல தலைப்புக்கு முன்னாடி 4.1, 4.2-ன்னு எண் இருந்துது. போன் திரையில அது அசிங்கமா இருக்குன்னு ஒரு மீட்டிங்ல பேச்சு வந்துது. "ஒரு வரி கோடுதானே"ன்னு எண்ணையெல்லாம் வெட்டி எறிஞ்சேன். எங்க விக்கிக்கு வரிசைன்னு எதுவும் தனியாச் சொல்லலைன்னா அது தலைப்பை அகர வரிசையில அடுக்கிக்கும். ஏத்தி முடிச்சதும் நாலஞ்சு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படம் வருது, எழுத்து வருது, அட்டவணை உடையல. சரின்னு மூடிட்டு டீ குடிக்கப் போய்ட்டேன். ஒவ்வொரு பக்கமும் சரியா இருந்துது. புக்குதான் சரியா இல்ல. அதை நான் பார்க்கவே இல்ல.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மத்தியானம் அப்பா கூப்பிட்டார். வேலை நேரத்துல கூப்பிடவே மாட்டார்.

"கண்ணு, ஒண்ணும் பயப்படாத. நம்ம பையனுக்கு கண்டன்சர் அடிச்சுப்போடுச்சு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கறோம்."

பையனுக்குப் பத்தொம்போது வயசு. கடைக்கு வந்து எட்டு மாசம்தான் ஆச்சு. அப்பா வேற ஒரு தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்துல, பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் எடுக்கலைன்னு கூப்பிட்டிருக்காங்க. இவன் தனியாப் போயிருக்கான். மெயினை நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியும், நிறுத்திட்டான். பெட்டியைத் திறந்துட்டு, சந்தேகத்துக்கு ஒரு தடவை போன்ல பார்த்திருக்கான். முதல் பக்கம், 'இணைப்பைக் கழற்றுதல்'. அதுல முதல் வரி: "மேலே சொன்னபடி செய்து முடித்த பிறகு வயர்களைக் கழற்றவும்." மேல ஒண்ணுமே இல்ல. நாமதான் மெயினை நிறுத்தியாச்சேன்னு ஸ்பேனரைப் போட்டிருக்கான்.

கரண்ட் போனாலும் கண்டன்சர் சார்ஜைப் பிடிச்சு வெச்சிருக்கும். உள்ளேயே சார்ஜை இறக்கற ரெசிஸ்டர் இல்லாத ரகமா இருந்தா ரொம்ப நேரத்துக்கு அப்படியே நிக்கும். உதறின கை பெட்டித் தகட்டு விளிம்புல கிழிச்சிருச்சு. நாலு தையல். வேற ஒண்ணும் ஆகல. அன்னிக்கு ராத்திரி சத்தி ரோட்டுல வண்டியை எப்படி ஓட்டிக்கிட்டுப் போனேன்னே ஞாபகம் இல்ல.

பையன் கட்டுப் போட்ட கையோட கடைத் திண்ணையில உக்காந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு, "அண்ணா, நாந்தானுங்க அவசரப்பட்டுட்டேன்"னான். அதுதான் ரொம்ப வலிச்சுது. தப்பு யாருதுன்னு அவனுக்குத் தெரியல. எனக்குத் தெரியும். போனை வாங்கி அந்தப் பட்டியலைப் பார்த்தேன். இ, க, ட, ப, ம. அப்பாகிட்டச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, கடைக்குள்ள கைகாட்டினார்.

கீழ ஒரு சாக்கு விரிச்சு, பிரிச்ச மோட்டார் ஒண்ணோட சாமான் எல்லாம் எடமிருந்து வலமா வரிசையா வெச்சிருந்துது. முதல்ல கழட்டினது இடது ஓரம், கடைசியாக் கழட்டினது வலது ஓரம். மாட்டும்போது வலதுல இருந்து வருவார். சின்ன வயசுல அந்தச் சாக்கை மிதிச்சு அடி வாங்கியிருக்கேன்.

"சாமான் ஒண்ணும் தொலையல கண்ணு. எல்லாம் சாக்குலதான் இருக்குது. ஆனா நீ அதைய கலைச்சுப்போட்ட. அப்பறம் அது மோட்டார் இல்ல, இரும்பு."

இதுக்கு மேல ஒரு தொழில்நுட்பக் கட்டுரை எழுத முடியுமாங்க?

அதுக்கப்புறம் ஒரு வாரம் இதே யோசனைதான். விக்கியைக் குறை சொல்ல முடியாது. வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச்ல முதல் விக்கியை வெளியிட்டப்பவே அதுக்குன்னு முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் கிடையாது. எந்தப் பக்கத்துல இருந்தும் எந்தப் பக்கத்துக்கும் தாவலாம், அதுதான் அதோட அழகே. கலைக்களஞ்சியத்துக்கு அது அருமையாப் பொருந்தும். நம்ம ஈரோட்டுப் பக்கத்துக்காரர் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியரா இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954-ல இருந்து 1968 வரைக்கும் பத்துத் தொகுதியா கலைக்களஞ்சியம் கொண்டுவந்துதே, அதுவும் அகர வரிசைதான். யானையைப் பத்திப் படிக்கறவன் அதுக்கு முன்னாடி மோட்டாரைப் படிச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல. தேடற புக்குக்கு அகர வரிசை. செய்யற புக்குக்கு செய்யற வரிசை. நான் ரெண்டாவதை எடுத்து முதல் அலமாரியில வெச்சுட்டேன்.

சரி, எப்படிச் சரி பண்ணறது? முதல்ல தோணினது, வெட்டின எண்ணைத் திருப்பி ஒட்டறது. ஒட்டினா 1, 10, 11, 2, 3-ன்னு நிக்குது. ஏன்னா விக்கி அதை எண்ணாப் பார்க்கல, எழுத்தாப் பார்க்குது. ரெண்டு எழுத்துல முதல் எழுத்து 1, அது 2-க்கு முன்னாடி. 01, 02-ன்னு போட்டா சரியாகும். ஆனா நடுவுல ஒரு படி புதுசா வந்தா? பழைய பேசிக் மொழியில வரி எண்ணை 10, 20, 30-ன்னு இடைவெளி விட்டுப் போடுவாங்களாமே, அந்த மாதிரி போடலாம். ஆனா தலைப்புலயே எண் இருந்தா, எண் மாறும்போது தலைப்பும் மாறும், பழைய லிங்க் எல்லாம் அந்தரத்துல தொங்கும். பேரும் வரிசையும் வேற வேற விஷயம். ரெண்டையும் ஒரே கயித்துல கட்டினா எப்பவாவது ஒண்ணு இழுக்கும்.

மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பார்த்தேன். விக்கிப்பீடியா ஓடற மீடியாவிக்கியில பகுப்புப் பட்டியலுக்கு, தலைப்பைத் தொடாமலே தனியா ஒரு வரிசைச் சாவி குடுக்கலாம். கிட்ஹப் விக்கியில பக்கவாட்டுப் பட்டியலை நாமளே எழுதி வெச்சா அதுதான் வரிசை. ஸ்பிங்ஸ்ல உள்ளடக்க மரத்தை கையால எழுதணும். ஹ்யூகோவுல ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு 'எடை' போட்டு வைக்கலாம். எல்லாரும் சுத்திச் சுத்திச் சொல்றது ஒண்ணுதான்: வரிசையை யாராவது ஒரு மனுஷன் ஒரு இடத்துல எழுதி வைக்கணும். தானா அமையும்னு விடக்கூடாது.

நானும் அதையே பண்ணினேன். வரிசைக்குன்னு ஒரே ஒரு கோப்பு. அதுல பக்கங்களோட பேர், மேல இருந்து கீழ. ஸ்கிரிப்ட் எல்லாப் பக்கத்தையும் ஏத்தின அப்புறம், அந்தக் கோப்பைப் பார்த்து "இதை அதுக்குப் பின்னாடி வை"ன்னு ஒவ்வொண்ணா நகர்த்தும். கடைசியில விக்கிகிட்டயே இப்ப என்ன வரிசைன்னு கேட்டு, கோப்போட ஒத்துப் பார்க்கும். ஒத்துப் போகலைன்னா வெளியிடாம நின்னுடும். அந்தக் கடைசி படிதான் நான் முதல்லயே செஞ்சிருக்க வேண்டியது.

அதோட நிக்கல. அம்மிச்சி வீட்டு அட்டாலியில ஒரு பழைய ஓலைக்கட்டு இருந்தது ஞாபகம் வந்துது. ஓலையில துளை போட்டுக் கயிறு கோர்த்திருப்பாங்க. கயிறு அறுந்தா ஓலை சிதறும். ஆனா எண் போட்டிருந்தா திரும்ப அடுக்கலாம். அதைவிட முக்கியம், எது இல்லைன்னு தெரியும். புறநானூறு நானூறு பாட்டுல 267-ம் 268-ம் கிடைக்கவே இல்ல. உ.வே.சா 1894-ல பதிப்பிச்சப்பவும் இல்ல, இன்னிக்கும் இல்ல. ஆனா அந்த இடம் காலியா இருக்குங்கறது நமக்குத் தெரியுதே, எப்படி? எண் இருந்ததால. பாட்டை எல்லாம் முதல் எழுத்தை வெச்சு அகர வரிசையில அடுக்கியிருந்தா, அந்த ரெண்டு பாட்டு தொலைஞ்ச இடமே தெரிஞ்சிருக்காது. எங்க பையன் கையில இருந்த பட்டியலும் அப்படித்தான். அவன் தாண்டி வந்த படி எதுன்னு சொல்ல அதுல ஒண்ணுமே இல்ல.

அதனால இப்ப ஒவ்வொரு பக்கத்துத் தலையிலயும் "5-ல் 3-வது படி"ன்னு வரும். அந்த எண்ணை வரிசைக் கோப்புல இருந்து ஸ்கிரிப்டே போடும். தலைப்பு மாறாது. "மேலே சொன்னபடி", "முன்பு பார்த்தது போல" எல்லாத்தையும் தேடித் தேடி எடுத்தேன், நூத்துக்கும் மேல இருந்துது. அச்சுப் புக்குல 'மேலே'ன்னா மேலே. விக்கியில 'மேலே'ன்னா பேட்டரி சிம்பல்தான் இருக்கு. அந்த வார்த்தைக்குப் பதிலா எந்தப் படின்னு பேரோட லிங்க். அப்புறம், வயர்ல கை வைக்கற ஒவ்வொரு பக்கத்துலயும் சிவப்புப் பெட்டிக்குள்ள ரெண்டே கேள்வி: மெயினை நிறுத்தியாச்சா? கண்டன்சரை டிஸ்சார்ஜ் பண்ணியாச்சா? தேடி வர்றவன் நேரா நடுப்பக்கத்துலதான் வந்து விழுவான். வரிசை எவ்வளவு சரியா இருந்தாலும் அவன் அதைப் பார்க்கப் போறதில்ல. உயிர் போற விஷயத்தை வரிசையை நம்பி விடக்கூடாதுன்னு கத்துக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல ஒரு காமெடி. புக் கடைசியில உதிரிபாகப் பட்டியல் இருக்கு. அது மட்டும் நெஜமாவே அகர வரிசையில வேணும். 'அதைத்தான் விக்கி நல்லாப் பண்ணுமே'ன்னு விட்டேன். அப்பா பார்த்துட்டு, "ஏங்கண்ணு, பலகைக்கு அப்பறம் பல்பு போட்டிருக்குது? குளிர்விப்பானுக்குப் பின்னால குழாய் இருக்குது?"ன்னார். எட்டாங்கிளாஸ் படிச்ச மனுஷன்! தமிழ் அகராதியில புள்ளி வெச்ச எழுத்து முதல்ல, அதாவது ல்-க்கு அப்புறம்தான் ல. பல்பு, பலகை. ழ-வுக்கு அப்புறம்தான் ள. குழாய், குளிர்விப்பான். ஆனா யூனிகோடுல எழுத்துக்கெல்லாம் எண் குடுத்த வரிசை அது இல்ல. தேவநாகரியை அடிப்படையா வெச்ச இஸ்கி ஏற்பாட்டுல இருந்து வந்தது. அதுல ள-வுக்கு அப்புறம்தான் ழ, ந-வுக்குப் பக்கத்துலயே ன, ர-வுக்குப் பக்கத்துலயே ற. புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் கடைசியில வரும். வெறும் எண்ணை வெச்சு அடுக்கினா தமிழ் இப்படித்தான் கலையும்.

2010 ஜூன்ல கொடிசியாவுல செம்மொழி மாநாடு நடந்தப்ப, கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்துது. அப்ப நான் பள்ளிக்கூடப் பையன், அவிநாசி ரோட்டுக் கூட்டத்துல அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்ததும் அலங்கார ஊர்தியும்தான் ஞாபகம். யூனிகோடோட டேஸ்-16-ங்கற குறியீட்டையும் தமிழ்நாடு அரசு அப்பத்தான் தரமா அறிவிச்சுது. டேஸ்ல ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண், அதுவும் நம்ம வரிசையிலயே. ஆனா உலகம் யூனிகோடோட போயிருச்சு. யூனிகோடுலயும் வழி இருக்குங்க. எண்ணை வெச்சு அடுக்காம, தமிழுக்குன்னு இருக்கற வரிசை விதியை வெச்சு அடுக்கச் சொல்லணும். ஐசியு நூலகத்துல மொழி தமிழ்னு ஒரு வார்த்தை சொன்னேன், பட்டியல் சரியாயிருச்சு. ஒரு வார்த்தைதான். சொல்லணும், அவ்வளவுதான்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். பையன் கையில தழும்பு மட்டும் இருக்கு. புது விக்கியைக் காட்டி எப்படி இருக்குன்னு கேட்டேன். "நல்லாருக்குதுங்கண்ணா"ன்னான். ஆனா அவன் கண் போன்ல இல்ல. கடைச் சுவத்துல, ஸ்பேனர் மாட்டற ஆணிக்கு மேல, நீல பெயிண்ட்ல கோணல் மாணலா அஞ்சு வரி எழுதியிருந்துது. 1 மெயின். 2 பெட்டி. 3 டெஸ்டர். 4 கண்டன்சர். 5 வயர். அவன் எழுத்துதான்.

"தோட்டத்துல டவர் கெடைக்காதுங்கண்ணா. இது மனப்பாடம் ஆயிருச்சு. புதுசா ஒரு தம்பி வேலைக்கு வர்றான், அவனுக்காகத்தான் எழுதுனனுங்க."

அப்பா காயில் சுத்திக்கிட்டே எங்களைப் பார்த்துச் சிரிச்சார். ஒண்ணும் சொல்லல.

டிஸ்கி: உங்க ஆபீஸ் விக்கியில ஏதாவது ஒரு செய்முறையைத் திறந்து, முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் 'அடுத்து', 'அடுத்து'ன்னு மட்டும் அமுக்கிப் பாருங்க. எங்க கொண்டுபோய் விடுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. சிரிக்கற மாதிரி இருந்தா சேர்ந்து சிரிக்கலாம். இல்லைன்னா, யாராவது ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி சரி பண்ணிடுங்க.